ஆறு கிலோமீட்டர் கேள்வி: 5ஜிஐ கதையில ஜெயிச்சது எது, தோத்தது எது

எங்க சித்தப்பா ஊர்லருந்து போன் பண்ணா முதல் ரெண்டு நிமிஷம் ஒரே கூத்துதான். நான் இங்க ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டு இருப்பேன், அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது, கட் பண்ணிட்டுத் திரும்ப அடிச்சா மொட்டமாடிக்கு ஏறி வந்து மூச்சு வாங்க பேசுவார். "நீ பேசறது எல்லாம் எனக்கு நல்லாத்தான்யா கேட்டுச்சு, நான் பேசறதுதான் உனக்கு வரல போல. இங்க ரெண்டு கோடு சிக்னல் காட்டுதே, அப்புறம் ஏன்?" "கோடு டவர் பேசறதுக்குத்தான் சித்தப்பா, நீங்க பேசறதுக்கு இல்ல"ன்னு சொன்னா சிரிப்பார், நான் ஏதோ ஜோக் அடிக்கறேன்னு நினைச்சுக்குவார்.

ஆனா விஷயம் அதேதான். போன்ல தெரியற கோடு டவர்லருந்து வர்ற சிக்னலோட அளவு. டவர்ல இருக்கற ரேடியோ 40 வாட்ஸ் அளவுக்கு அனுப்பும், சிலது அதுக்கும் மேல. நம்ம கையில இருக்கற போன் சாதாரணமா 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட், டவர்ல இருநூத்துல ஒரு பங்கு. டவர்ல பெரிய ஆன்டெனா இருக்கு, நல்ல ரிசீவர் இருக்கு, போன் தன் சக்திய சின்ன அலைவரிசைக்குள்ள குவிச்சு அனுப்பும், இதெல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஈடுகட்டும். இருந்தாலும் செல்லோட, அதாவது ஒரு டவர் எட்டற பரப்போட, ஓரத்துல முதல்ல மூச்சு முட்டறது போன்தான். இந்தத் துறையில இதை அப்லிங்க் லிமிட்டட்னு சொல்வாங்க (போன்லருந்து டவருக்குப் போறது அப்லிங்க், டவர்லருந்து போனுக்கு வர்றது டவுன்லிங்க்), சிக்னல அளக்கற டிரைவ் டெஸ்ட்டுக்கு வண்டி எடுத்துக்கிட்டு கிராமம் கிராமமா சுத்துனவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

இந்த ஒரு பிரச்னைய வச்சுக்கிட்டு இந்தியா உலக 5ஜி தரநிலைக்குள்ள நுழையப் பார்த்த கதைதான் 5ஜிஐ. சென்னை ஐஐடி, ஹைதராபாத் ஐஐடி, சென்னை ஐஐடி ரிசர்ச் பார்க்குல இருக்கற செவிட் ஆராய்ச்சி மையம், இவங்க வேலையில உருவாகி, டிஎஸ்டிஎஸ்ஐ-ங்கற இந்தியத் தரநிலை அமைப்பு மூலமா ஐநா-வோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வரைக்கும் போய், 2021 பிப்ரவரில உலகம் அங்கீகரிச்ச 5ஜி தொழில்நுட்பங்கள்ல ஒண்ணா அச்சுல வந்தது. அதே வருஷம் டிசம்பர்ல தனித் தரநிலைங்கற அடையாளத்த விட்டுட்டு பொதுத் தரநிலையோட கலந்துபோச்சு. பத்து மாசம்தான். அப்போ ஒரு கூட்டம் "வரலாற்றுச் சாதனை"ன்னு கொண்டாடுச்சு, இன்னொரு கூட்டம் "வெட்டி வேலை"ன்னு கைகழுவுச்சு. எனக்கு ரெண்டுமே ஒத்துவரல.

கேள்வித்தாள்ல புகுந்த கேள்வி

முதல்ல ஐடியு எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துக்கணும். அவங்க 5ஜிய கண்டுபிடிக்கறதில்ல. கேள்வித்தாள் தயார் பண்றாங்க. "5ஜின்னு பேர் வேணும்னா இந்த இந்த அளவு எட்டியாகணும்"னு தேவைகளையும், அதை எப்படிச் சோதிக்கணும்னு வழிமுறைகளையும் 2017-ல வெளியிட்டாங்க. நகரத்துக்கு ஒரு சோதனை, கட்டடத்துக்குள்ள ஒரு சோதனை, கிராமத்துக்கு ஒரு சோதனைன்னு இருக்கும். யார் வேணும்னாலும் தொழில்நுட்பத்தக் கொண்டு வந்து பரீட்சை எழுதலாம், சுயமா மதிப்பீடு பண்ணிக் கொடுக்கணும், அப்புறம் வெளி மதிப்பீட்டுக் குழுக்கள் திருத்தும்.

கிராமச் சோதனையில அதுவரைக்கும் இருந்த அமைப்புல ரெண்டு டவருக்கு நடுவுல தூரம் 1732 மீட்டர். என்னடா இது விசித்திரமான எண்ணுன்னு தோணும், ஒண்ணுமில்ல, ஆயிரத்த ரூட் 3-ஆல பெருக்கினா வர்றது அது. தேன்கூடு மாதிரி அறுகோணமா செல்கள அடுக்குனா, டவர்லருந்து செல்லோட மூலைக்கு சரியா ஒரு கிலோமீட்டர் இருக்கணும்னா டவருக்கும் டவருக்கும் 1732 மீட்டர் வரும். வண்டிகள் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். அதாவது அவங்க மனசுல இருந்த கிராமம் ஹைவே ஓரமா இருக்கற கிராமம், கார் பறக்கும், ஒவ்வொரு ஒண்ணேமுக்கால் கிலோமீட்டருக்கும் ஒரு டவர் நிக்கும்.

நம்ம ஊர்ல யார் வைப்பா அப்படி? இந்திய ஆராய்ச்சியாளர்கள் வச்ச வாதம் எளிமையானது. நாட்டுல சுமார் 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்து இருக்கு, 2011-ல ஆரம்பிச்சு அப்புறம் பாரத்நெட்னு பேர் மாத்துன திட்டத்துல ஃபைபர் கேபிள் பஞ்சாயத்து அலுவலகம் வரைக்கும் வருது, அதுக்கு மேல ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் தோண்டிக்கிட்டுப் போறது நடக்கற காரியமில்ல. ஃபைபர் முடியற எடத்துல டவர் வச்சா சுத்தி மூணு கிலோமீட்டர் வட்டத்துல இருக்கற ஊர்களப் பெரும்பாலும் பிடிச்சிரலாம். அப்போ டவருக்கு டவர் 6 கிலோமீட்டர். அங்க யாரும் 120-ல பறக்கப் போறதில்ல, வயல்ல நடப்பாங்க, திண்ணையில உக்காந்திருப்பாங்க, டூ வீலர்ல போவாங்க. வேகம் கம்மி, செல் பெருசு, அதனாலதான் இதுக்கு லோ மொபிலிட்டி லார்ஜ் செல்னு பேர், சுருக்கமா எல்எம்எல்சி.

இது 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில, 6000 மீட்டர் இடைவெளியோட, கிராமச் சோதனையோட மூணாவது அமைப்பா ஐடியு வழிமுறைக்குள்ள ஏறிச்சு. ஏறுனது மட்டுமில்ல, கட்டாயக் கேள்வியாவும் ஆச்சு. பழைய ரெண்டு அமைப்புல ஏதாவது ஒண்ணு பாஸ் பண்ணா போதும், ஆனா எல்எம்எல்சி-ல சராசரி அளவ எட்டியே ஆகணும். டவுன்லிங்க்ல ஒரு ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு 3.3 பிட், அப்லிங்க்ல 1.6 பிட். பின்லாந்துலயோ ஸ்வீடன்லயோ கொரியாவுலயோ 5ஜி பண்றவன் யாரா இருந்தாலும் நம்ம ஊர் பஞ்சாயத்து டவர் கணக்கப் போட்டுக் காட்டினாத்தான் அந்தப் பேர் கிடைக்கும். இந்தக் கதையில எனக்கு மயிர்க்கூச்செறிஞ்ச இடம் இதுதான், ஆனா பேப்பர்ல யாரும் இதைப் பெருசா எழுதல.

கணக்க ஒரு தடவ போட்டுப் பாருங்க. 1732 மீட்டர் இடைவெளில ஒரு டவர் பாக்கற பரப்பு 2.6 சதுர கிலோமீட்டர். 6 கிலோமீட்டர் இடைவெளில 31 சதுர கிலோமீட்டர். பன்னெண்டு மடங்கு. தூரத்தோட 3.5-ஆவது அடுக்குல சிக்னல் குறையுதுன்னு ஒரு தோராயம் வச்சுக்கிட்டா, செல் ஓரத்துல நிக்கறவன் இழக்கறது 19 டெசிபல், அதாவது முன்ன வந்த சிக்னல்ல எண்பதுல ஒரு பங்குதான் வரும். இந்த 19-ங்கற எண்ண மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

ரேடியோ செட்டும் நாதஸ்வரமும்

சரி, கேள்வி கேட்டாச்சு, பதில்? போன்லருந்து இன்னும் கொஞ்சம் சக்தி பிழியணும். பேட்டரியும் சர்க்யூட்டும் தாங்கும், ஆனா ஆம்ப்ளிஃபையர்தான் வில்லன்.

கோயில் கொடைக்கு ரேடியோ செட்டு போடுவாங்கல்ல, புளியமரத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டி. அதுல நாதஸ்வரம் மட்டும் ஓடுனா வால்யூம முழுசா ஏத்தலாம், சத்தம் ஒரே சீரா வர்றதால ஒண்ணும் ஆகாது. தவில் அடிக்கற எடம் வந்தா ஒவ்வொரு அடிக்கும் கரகரன்னு கிழியும், அதனால செட்டுக்காரர் தவில நினைச்சு மொத்த வால்யூமையும் இறக்கி வச்சிருவார், நாதஸ்வரமும் சேர்ந்து சன்னமாயிரும். போன் ஆம்ப்ளிஃபையருக்கும் இதே பாடுதான். 4ஜி 5ஜி-ல ஓடற ஓஎஃப்டிஎம்-ங்கற முறையில நிறைய அலைகள் ஒண்ணா கூடறதால அப்பப்ப திடீர்னு உச்சம் எகிறும். அந்த உச்சம் கிழியாம இருக்க சராசரி சக்திய இறக்கி வைக்கணும், இதுக்கு பேக்காஃப்னு பேர். செல் ஓரத்துல ஒவ்வொரு டெசிபலுக்கும் உயிரப் பிடிச்சுக்கிட்டு இருக்கறப்ப இப்படி வேணும்னே குறைச்சுக்கறது எவ்ளோ கொடும பாருங்க.

பதிலா வந்ததுதான் பை/2 பிபிஎஸ்கே. ஒரு சிம்பலுக்கு, அதாவது ஒரு தடவ அனுப்பற அலைத் துணுக்குக்கு, ஒரே ஒரு பிட், பிளஸ் இல்லன்னா மைனஸ். அதை அப்படியே அனுப்புனா பிளஸ்லருந்து மைனஸுக்குத் தாவறப்ப பூஜ்ஜியம் வழியா போகும், வீச்சு ஏறி இறங்கும். அதனால ஒவ்வொரு சிம்பலுக்கும் 90 டிகிரி திருப்பி வைப்பாங்க, அப்போ தாவல் எப்பவும் கால் வட்டம்தான், பூஜ்ஜியத்தத் தொடவே தொடாது. இதுக்கு மேல சின்னதா ஒரு ஃபில்டர் போட்டு அலைவரிசையோட உருவத்த ஓரங்கள்ல மழுப்பி விடுவாங்க, இதுதான் ஸ்பெக்ட்ரம் ஷேப்பிங். ரெண்டும் சேர்ந்தா உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் ரொம்பவே சுருங்கிரும், தவிலே இல்லாத நாதஸ்வரம் மாதிரி. ஆம்ப்ளிஃபையர முட்ட முட்ட ஓட்டலாம். ஹைதராபாத் ஐஐடி பேராசிரியர் கிரண் குச்சி இதுல பல வருஷமா விடாம வேலை பாத்தவர்.

ஒரு சிம்பலுக்கு ஒரு பிட்டுதானேன்னு கேக்கலாம். ஆமா, வேகம் கம்மிதான். ஆனா சித்தப்பாவுக்கு வேணும்னது 4கே வீடியோ இல்ல, அவர் குரல் இந்தப் பக்கம் வந்து சேரணும், அவ்ளோதான்.

இதுல ஒரு சின்ன விவகாரம் இருக்கு, எழுதறவங்க பெரும்பாலும் தாண்டிப் போயிருவாங்க. எல்லாரும் பயன்படுத்தற 5ஜிய எழுதறது 3ஜிபிபி-ங்கற கூட்டமைப்பு, ஐரோப்பா அமெரிக்கா சீனா ஜப்பான் கொரியா அமைப்புகளோட நம்ம டிஎஸ்டிஎஸ்ஐ-யும் அதுல பங்காளி. அவங்களோட முதல் 5ஜி பதிப்பு ரிலீஸ் 15, 2018 ஜூன்ல பெரும்பாலும் முடிஞ்சது. அதுலயே பை/2 பிபிஎஸ்கே உண்டு! இந்தியக் குழுவும் மத்தவங்களும் பேசி டேட்டாவுக்கு இதை ஏத்தியிருந்தாங்க. ஆனா டேட்டா நடுவுல பைலட்டுன்னு ஒரு குறிப்பு சிக்னல் போகும், டவர் அதை வச்சுத்தான் வழியில சிக்னல் எப்படி நெளிஞ்சு வந்திருக்குன்னு கண்டுபிடிக்கும். அந்த பைலட்ட பழைய மாதிரியே விட்டுட்டாங்க, அதுல உச்சம் எகிறும். அப்போ என்ன ஆகும்? லாரி போற அளவுக்கு அகலமா ரோடு போட்டுட்டு நடுவுல ஒரு குட்டைப் பாலத்த விட்டா, லாரி லோடு அந்தப் பாலத்து உயரத்துக்குத்தான். டேட்டா எவ்ளோ சீரா இருந்தாலும் பைலட்டுக்காக வால்யூம இறக்கியே ஆகணும். ரிலீஸ் 16-ல, அதாவது 2020-ல, பைலட்டையும் சரி பண்ணாங்க.

சக்தியக் கூட்டறதும் ரிலீஸ் 15-லயே கொஞ்சம் இருந்தது. பை/2 பிபிஎஸ்கே அனுப்பறப்ப 23-லருந்து 26 டிபிஎம்முக்கு ஏறலாம், அதாவது 200 மில்லிவாட் 400 ஆகும். ஆனா அனுமதி சில அலைவரிசைகளுக்கு மட்டும், 2.3 ஜிகாஹெர்ட்ஸ், 2.5, 3.5 அந்தப் பக்கம், அதுவும் அப்லிங்க் நேரம் 40 சதவீதத்துக்குள்ள இருந்தா. 700 மெகாஹெர்ட்ஸ் அந்தப் பட்டியல்ல இல்ல. இந்தியா கேள்வி கேட்டது எந்த அலைவரிசைல? 700-ல.

இதுதான் டிஎஸ்டிஎஸ்ஐ தனியா கிளம்புனதுக்குப் பின்னால இருக்கற எரிச்சல். உள்ள உக்காந்து பேசுனா கால்வாசி கிடைக்குது, மீதி "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னு தள்ளிப் போகுது. 2019 ஜூலைல, ரிலீஸ் 15-ய அடித்தளமா வச்சு அதுக்கு மேல தங்களோட மாத்தங்களச் சேர்த்து, தனித் தொழில்நுட்பமாவே ஐடியு-ல கொடுத்துட்டாங்க. 2020 ஜூலைல மதிப்பீடு முடிஞ்சது, 3ஜிபிபியோட ரெண்டும் இந்தியாவோட ஒண்ணும் தேறுச்சு. மூணும் எம்.2150-ங்கற பரிந்துரைல ஏறி 2021 பிப்ரவரில வெளியாச்சு, இந்தியாவோடதுக்கு 5ஜிஐ-ன்னு பேர்.

எதிர்ப்பு எங்கருந்து வந்தது

வெளிநாட்டுலருந்துன்னு நினைப்பீங்க. உள்ளூர்லருந்துதான் பலமா வந்தது. 2020 டிசம்பர்ல இந்தியா மொபைல் காங்கிரஸ் மேடையிலயே ஏர்டெல் தலைமை அதிகாரி கோபால் விட்டல், தனி இந்தியத் தரநிலைங்கறது நம்மள உலகச் சந்தையிலருந்து பூட்டி வச்சிரும், இருப்புக்கே ஆபத்துங்கற ரீதியில பேசுனார். ஆபரேட்டர்கள் சங்கமும் அதே பக்கம். அரசு 2021 மே மாசம் 5ஜி சோதனைகளுக்கு அனுமதி கொடுத்தப்ப, தெரிஞ்ச 5ஜியோட கூட 5ஜிஐ-யையும் சோதிச்சுப் பாருங்கன்னு ஊக்குவிச்சு எழுதுச்சு. இன்னிக்கு ஊக்கம், நாளைக்குக் கட்டாயம் ஆயிருமோன்னு ஆபரேட்டர்களுக்கு வயித்தக் கலக்குச்சு.

அவங்க பயத்துல நியாயம் இருக்கு, அதை மறைக்க விரும்பல. போன்ல இருக்கற மோடம் சிப்ப உலகத்துல விரல் விட்டு எண்ணற கம்பெனிங்கதான் பண்றாங்க. ஒரு நாட்டுக்குன்னு தனியா ஒரு முறைய அதுல ஏத்தி, சோதிச்சு, சான்றிதழ் வாங்கி, ஒவ்வொரு ரிலீஸுக்கும் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும்னா அந்தச் செலவு போன் விலையில விழும். 5ஜிஐ தரப்பு "மாத்தம் ரொம்ப சின்னதுதான்"னு சொல்லுச்சு. சின்னதாவே இருக்கட்டும், பத்தாயிரம் ரூபா போன் வாங்கறவருக்கு ஐநூறு ரூபா கூடுனாலும் பெருசு, அந்தப் போன் வாங்கறவர்தான் 6 கிலோமீட்டர் செல்லோட ஓரத்துல உக்காந்திருக்கறவர்.

சீனா மட்டும் 3ஜி-ல டிடி-எஸ்சிடிஎம்ஏ-ன்னு தனியா பண்ணுச்சேன்னு கேக்கறவங்க உண்டு. 2000-ல ஐடியு அங்கீகாரம் வாங்குன தொழில்நுட்பத்துக்கு 2009-ல தான் வணிக லைசன்ஸ் வந்தது, அதையும் சைனா மொபைல்னு ஒரு பிரம்மாண்டமான அரசு கம்பெனி தலையில கட்டித்தான் ஓட்டுனாங்க. இங்க யார் தலையில கட்டறது?

அதுவுமில்லாம சென்னை ஐஐடி-க்கு இந்தப் பாடம் புதுசும் இல்ல. 90-கள்ல அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி இவங்க இருந்த டெநெட் குழு கார்டெக்ட்னு ஒண்ணு பண்ணாங்க, வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுக்காம வயர்லெஸ்ல டெலிபோன். நேர்ப்பார்வை இருந்தா 10 கிலோமீட்டர் வரைக்கும் போகும், பேசிக்கிட்டே 35 கிலோபிட் வேகத்துல இன்டர்நெட்டும் வரும். 2000-த்த ஒட்டி மதுரை பக்கம் மேலூர் வட்டாரத்துல கிராமம் கிராமமா இதை வச்சு இன்டர்நெட் கியாஸ்க் நடந்தது, அந்தக் காலத்துக்கு அது பெரிய ஆச்சரியம். ஆனா கையடக்க மொபைல் விலை சரிஞ்சு நாடு பூராப் பரவுனப்ப அதோட வீச்சுக்கு முன்னால இது நிக்க முடியல. தொழில்நுட்பம் மோசம்னு தோக்கல, எண்ணிக்கையில தோத்துச்சு. (கார்டெக்டுக்கு மூலமான, டெக்ட்-ங்கற ஐரோப்பிய வயர்லெஸ் போன் தரநிலைக் குடும்பத்துலருந்து ஒரு புது வாரிசு 2022-ல ஐடியு-வோட 5ஜி பட்டியல்ல ஏறுச்சு, ஐரோப்பாக்காரங்க கொண்டு போனது. இதைப் படிச்சப்ப எனக்கு லேசா சிரிப்பு வந்தது.)

2021 டிசம்பர்ல 3ஜிபிபி-யும் டிஎஸ்டிஎஸ்ஐ-யும் உடன்பாட்டுக்கு வந்தாங்க, 5ஜிஐ-யோட முக்கியமான அம்சங்கள் ரிலீஸ் 17-ல சேரும், இந்தியா தனிப் பாதைய நீட்டிக்கிட்டு இருக்காதுன்னு. ரிலீஸ் 17 அடுத்த வருஷமே முடிஞ்சது. அதுக்கு அப்புறம் ரிலீஸ் 18-ல ஸ்பெக்ட்ரம் ஷேப்பிங்க பிபிஎஸ்கே-யத் தாண்டி, ஒரு சிம்பலுக்கு ரெண்டு பிட் அனுப்பற க்யூபிஎஸ்கே-க்கும் போட்டா எவ்ளோ சக்தி மிச்சமாகும்னு உலகக் கம்பெனிங்களே உக்காந்து ஆராய்ஞ்சாங்க, அப்லிங்க் மூச்சுத்திணறல் இந்தியாக்காரன் புலம்பல் மட்டும் இல்லன்னு அப்பத்தான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சு.

என் கணக்கு

இப்போ அந்த 19 டெசிபலுக்கு வர்றேன். போன் சக்திய ரெட்டிப்பாக்கினா கிடைக்கறது 3 டெசிபல். அதே தோராயத்துல போட்டா செல் ஆரம் 22 சதவீதம் கூடும், பரப்பு ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு. நல்ல லாபம்தான், பத்து டவர் வேணும்ங்கற எடத்துல ஏழு போதும்னா எந்த ஆபரேட்டர் வேணாம்னுவான்? ஆனா 1732 மீட்டர 6 கிலோமீட்டர் ஆக்க வேணும்னது 19. இந்த 3 அதுல ஒரு கைப்பிடி. மீதிய உயரமான டவர், ரிசீவ் பண்ற ஆன்டெனா எண்ணிக்கை, தாழ்ந்த அலைவரிசை, திரும்பத் திரும்ப அனுப்பற உத்தி இதெல்லாம் சேர்ந்துதான் இழுக்கணும். 5ஜிஐ வந்தா கிராமமெல்லாம் மாறிரும்னு டிவில பேசுனவங்க இந்தக் கழித்தல் கணக்க ஒரு தடவயாவது போட்டிருக்கலாம்.

இன்னொரு சங்கடமான உண்மை. எல்எம்எல்சி கட்டாயக் கேள்வின்னா, 3ஜிபிபியோட சாதாரண 5ஜியும் அதுல பாஸ் பண்ணித்தான் பேர் வாங்குச்சு. 5ஜிஐ-ல சேர்த்த மாத்தம் எதுவும் இல்லாமலே! அப்போ தனித் தரநிலை எதுக்குன்னு கேட்டா பதில் கேள்வித்தாள்லயே ஒளிஞ்சிருக்கு. எல்எம்எல்சி-ல கட்டாயமாக்குனது சராசரிய மட்டும்தான். கிராமச் சோதனைல பயனாளிகள்ல கடைசி 5 சதவீதத்துல இருக்கறவருக்கு எவ்ளோ கிடைக்குதுன்னு தனியா ஒரு அளவு உண்டு, செல் ஓரத்துல உக்காந்திருக்கறவர் கணக்கு அதுலதான் தெரியும். அந்த அளவு எல்எம்எல்சி-க்குப் பொருந்தாதுன்னு ஆவணத்துலயே எழுதி விட்டுட்டாங்க. டவர் பக்கத்துல இருக்கற நாலு பேர் நல்ல மார்க் எடுத்தா வகுப்புச் சராசரி ஏறிரும், கடைசி பெஞ்சுல எங்க சித்தப்பா பூஜ்ஜியம் வாங்குனாலும் ஸ்கூல் பாஸ். பெரிய செல்லுக்குன்னே வச்ச சோதனையில ஓரத்த அளக்கலன்னா என்னத்தச் சொல்றது. கேள்விய உள்ள நுழைச்சது பெரிய ஜெயிப்பு, ஆனா அந்தக் கேள்விக்குப் பல்லு பாதிதான் முளைச்சிருந்தது, மீதிப் பல்லுக்காகத்தான் 5ஜிஐ-ன்னு தனியா ஒரு சண்டை போட வேண்டி வந்ததுன்னு நான் பாக்கறேன்.

அலைவரிசை கதை இன்னும் வேடிக்கை. 700 மெகாஹெர்ட்ஸ் கிராமத்துக்குன்னே பொறந்த மாதிரி, மரம் செவுரு தாண்டிப் போகும். 2016 ஏலத்துல அதுக்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு நாடு பூராவுக்கும் 11,485 கோடி ரூபா அடிப்படை விலை வச்சாங்க, ஒருத்தரும் கை தூக்கல. 2021 மார்ச்சுல 6,568 கோடிக்கு இறக்குனாங்க, அப்பவும் போணியாகல. கவனிங்க, 5ஜிஐ-க்கு ஐடியு முத்திரை விழுந்து ஒரு மாசம்தான் ஆகியிருக்கு. ஒரு பக்கம் 700-ல 6 கிலோமீட்டர் செல் எப்படிப் பண்றதுன்னு உலகத்துக்குப் பாடம் எடுக்கறோம், இன்னொரு பக்கம் அந்த 700-ய வாங்க ஆளில்லாத விலை வச்சிருக்கோம். 2022-ல 3,927 கோடின்னு ஆனப்பதான் ஜியோ 22 தொலைத்தொடர்பு வட்டத்துலயும் வாங்குச்சு. மத்த தனியார் கம்பெனிங்க அந்தப் பக்கமே வரல. அதே வருஷம் அக்டோபர் 1-ல 5ஜி ஆரம்பிச்சப்ப வேகத்துக்குப் பெரும்பாலும் நம்புனது 3.3 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைய, அது ஊருக்குள்ள ஓட்டறதுக்கு அருமையானது, ஆறு கிலோமீட்டர் சமாச்சாரமெல்லாம் அதுகிட்ட எதிர்பாக்கக் கூடாது.

சரி, சிக்னலே இல்லாத ஊர்களுக்கு என்ன பண்ணாங்க? 2022 ஜூலைல மத்திய அமைச்சரவை 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டு போக 26,316 கோடி ஒதுக்குச்சு. பழைய வழிதான், டவர் வை, கரண்ட் இழு, பிஎஸ்என்எல்-கிட்ட கொடு.

ஆனா இதுல ஆள் வளர்ந்தாங்க, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. 2018-ல சுமார் 224 கோடில சென்னை ஐஐடி தலைமையில எட்டு நிறுவனங்கள் சேர்ந்து 5ஜி டெஸ்ட்பெட், அதாவது சோதனை நெட்வொர்க், கட்ட ஆரம்பிச்சாங்க, 2022 மே மாசம் அது திறந்து ரெண்டே நாள்ல சென்னை ஐஐடி வளாகத்துல முழுக்க உள்நாட்டுல வடிவமைச்ச நெட்வொர்க்குல அமைச்சர் வீடியோ கால் பேசுனார். காட்சிக்குன்னு பண்ணதுதான், தெரியும். ஆனா ஒரு பேஸ் ஸ்டேஷன, அதாவது டவர் ரேடியோவ, அடியிலருந்து எழுதத் தெரிஞ்ச பசங்க முன்ன இங்க எத்தன பேர் இருந்தாங்க? தரநிலைக் கூட்டத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து ஒரு வாக்கியத்துல "மே" (செய்யலாம்) வேணுமா "ஷால்" (செஞ்சே ஆகணும்) வேணுமான்னு சண்டை போடத் தெரிஞ்சவங்க எத்தன பேர்? எல்எம்எல்சி, 5ஜிஐ ரெண்டுக்கும் ஓடுனவங்கள்லருந்துதான் அந்தக் கூட்டம் உருவாச்சு. 2025 ஆகஸ்ட்ல 3ஜிபிபி ரேடியோ குழுக் கூட்டம் பெங்களூர்லயே நடந்தது, 6ஜி பேச்சு சூடா ஆரம்பிச்சிருக்கற நேரத்துல.

6ஜி-ன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஐடியு 2023 நவம்பர்ல அதுக்கான கட்டமைப்ப எம்.2160-ன்னு வெளியிட்டாங்க, எல்லா எடத்துலயும் இணைப்புங்கறது அதுல ஆறு பயன்பாட்டுல ஒண்ணு, இந்தியா பிடிவாதமா கேட்டது. நான் தேடுனது வேற. மொத்தம் 15 திறன்கள் பட்டியல் போட்டிருக்காங்க, அதுல கவரேஜும் ஒண்ணு, 5ஜி கட்டமைப்புல இது தனித் திறனா இல்லவே இல்ல. விளக்கத்துல என்ன எழுதியிருக்குன்னா, ஒரே ஒரு செல்லோட ஓரம் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு லிங்க் பட்ஜெட் (அனுப்புன சக்தி, வழியில இழந்தது எல்லாத்தையும் கூட்டிக் கழிக்கற கணக்கு) போட்டுக் கணக்கிடறதுதான் கவரேஜாம். சராசரி இல்ல, ஓரம். பக்கத்துல எண் எதுவும் போடல, காலியாத்தான் விட்டிருக்காங்க. 6 கிலோமீட்டர்னு நம்ம ஆளுங்க முன்ன எழுத வச்சதும் இந்த மாதிரி ஒரு காலி எடத்துலதான்.